ஐம்பத்திரண்டாவது முயல்

அத்தியாயம் மூன்று

பெட்டிக்குள் கிரீடம் இல்லை. கசக்கிச் சுருட்டிய பழைய செய்தித்தாள்தான் இருந்தது.

"பிரிச்சுப் படிச்சுப் பாத்துட்டேன் மேடம். போன வாரத்துப் பேப்பர். ஜோசியத்துல என் ராசிக்கு 'பொருள் சேரும்'னு போட்டிருக்கு," என்றேன்.

குரோகி சனாயே மேடம் சிரிக்கவில்லை. காலையில் காபி குடிக்காதவரை அவர் எதற்கும் சிரிப்பதில்லை. நான் தோகுஜி, அவருடைய துப்பறியும் ஆபீசில் உதவியாளன். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை இதே யனகவா கால்வாயில் படகோட்டியாக இருந்தேன். ஒரு நாள் பாலத்துக்கு அடியில் குனிய மறந்து, பயணிகள் பன்னிரண்டு பேரோடு தண்ணீரில் விழுந்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் மேடமும் ஒருவர். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடியே என்னிடம் முகவரி அட்டையை நீட்டி, "எப்படியும் உங்களுக்கு வேலை போயிடும். திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க," என்றார். எனக்குப் பிறகு வந்த ஆட்களெல்லாம் இப்போது பெரிய படகோட்டிகள். நான் இன்னும் ஈரம் காயாதவன் என்றுதான் ஊரில் பேர்.

படித்துறை முழுக்கக் கூட்டம். பொம்மைத் திருவிழாவின் படகு ஊர்வலம் பதினோரு மணிக்கு. மகாராணி பொம்மை, மந்திரி பொம்மை, தோழிப் பொம்மை என்று வேஷம் கட்டிய சிறுமிகள், முகத்தில் வெள்ளைப் பூச்சு கலையாமல் இருக்கச் சிரிக்காமல், தின்னாமல், மூக்கைக்கூடச் சொறியாமல் பாவமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் படகில் போகும் மகாராணியின் கொண்டைமேல் கட்டும் கைக்கடக்கமான கிரீடத்தைத்தான் காணோம். கவாஷிச்சி விலாங்குக் கடைக்காரர்களின் பரம்பரைச் சொத்து. வருஷத்தில் ஒரு நாள்தான் வெளியே வரும்.

"பூட்டு உடையல. சாவி என் இடுப்பைவிட்டு எறங்கல," என்றார் படகோட்டிகளின் தலைவர் இவாமி. அவர் ரகசியம் பேசினாலே எதிர்க்கரைக்குக் கேட்கும். "நேத்து சாயங்காலம் கவாஷிச்சியிலேர்ந்து இந்தப் பெட்டியைப் படகுல கொண்டாந்தது கன்னா. நான் வாங்கி அப்படியே கொட்டகையில வெச்சுப் பூட்டினேன். நடுவுல வேற யாரு கையும் படல. இதுக்குத் துப்பறிய வேற ஆளு வேணுமா?"

கன்னா கழியை ஊன்றி நின்றாள். வயது இருபத்தாறு. முதல் படகுக்குக் கழி போட இந்த ஊரில் இதுவரை ஒரு பெண்ணையும் விட்டதில்லை. இந்த வருஷம்தான் விட்டார்கள். மேடத்தைப் போனில் கூப்பிட்டது அவள்தான்.

"நான் எடுக்கலை, அண்ணே. புசாகோ அத்தையும் என்னோட படகுலதான் வந்தாங்க. அவங்களைக் கேளுங்க."

"அவ வீட்டுத் துறையில எறங்கினப்புறம் கால்மணி நேரம் நீ தனியாத்தானே வந்தே?"

"வந்தேன்."

"அவ்வளவுதான்!"

புசாகோ என்பவர் கவாஷிச்சி முதலாளியின் அக்கா. மகாராணி வேஷக்காரிக்குத் தலைவாரிக் கிரீடம் கட்டுவது எல்லா வருஷமும் அவர்தான். இப்போதும் கூடாரத்துக்குள் கொண்டை ஊசிகளை வாயில் கவ்வியபடி அந்தச் சிறுமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் யோசுகேயும் படகோட்டி. கன்னா இல்லையென்றால் முதல் படகு அவனுக்கு. அவன் என்னவோ தன் வைக்கோல் தொப்பியையே பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"இன்னொண்ணும் இருக்கு," என்று இவாமி சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். உள்ளங்கையளவு துணி முயல். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்புக் காது. "இன்னிக்குக் காலைல கன்னா படகுல பாய்க்கு அடியில கிடந்துச்சு. கவாஷிச்சியில பெட்டியை எடுக்கற சாக்குல கிரீடத்துலயும் கை வெச்சிருக்கா, அவசரத்துல சாகெமோன்ல இடிச்சிருக்கா. அதான் அந்து விழுந்திருக்கு."

பெண் குழந்தை பிறந்த வீட்டில், அதன் முதல் வசந்தத்துக்குப் பொம்மைப் படிகளின் மேலே கட்டித் தொங்கவிடும் துணிப்பொம்மைச் சரங்கள்தான் சாகெமோன். கவாஷிச்சியில் இந்த வருஷம் கட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தை சுசு, தன் அம்மா, கவாஷிச்சி முதலாளியின் மனைவி மிட்சுயோவின் இடுப்பில் உட்கார்ந்து இவாமியின் மீசையைக் குறிவைத்துக்கொண்டிருந்தது.

மிட்சுயோ முயலை ஒரு பார்வை பார்த்தாள். "எங்களுது இல்லை. தினமும் எந்திரிச்சதும் எண்ணிடுவேன். இன்னிக்கும் எண்ணினேன். அம்பத்தொண்ணு, சரியா இருக்கு."

ஏழு சரம், சரத்துக்கு ஏழு பொம்மை, நடுவில் இரண்டு பெரிய நூல்பந்து. மொத்தம் ஐம்பத்தொன்று. அந்தக் காலத்தில் மனுஷ ஆயுசு ஐம்பது என்று கணக்கு. நம் குழந்தை கூட ஒரு வருஷமாவது இருக்கட்டுமே என்று ஒன்று சேர்த்துக் கட்டினார்கள். இப்போது எங்கள் ஊரில் தொண்ணூறு வயதுக்காரர்கள் சைக்கிளில் போய் விலாங்கு தின்றுவிட்டு வருகிறார்கள். ஆனாலும் அந்த எண்ணிக்கையில் மட்டும் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

"பெட்டியில கிரீடத்தை வெச்சது யாரு?" என்று மேடம் கேட்டார்.

"நான்தான். நேத்து மத்தியானம் பொம்மை ரூம்ல வெச்சுக் கயிறு கட்டினேன். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வர்றதும் போறதுமா இருந்தாங்க. எல்லாரும் நம்ம மனுஷங்க."

இவாமி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரை வரைக்கும் டைம் தரேன். கிரீடம் வரலேன்னா முதல் படகு யோசுகேவுக்கு. கன்னா, நீ தொப்பியைக் கழட்டிக் குடுத்துட்டு இந்தத் துறைப் பக்கமே வரக்கூடாது."

கன்னா தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்தாள். "நாலு வருஷமாண்ணே. மாசியில கால்வாயை வடிக்கறப்பகூட முழங்கால் சேத்துல நின்னு கழி போட்டுப் பழகினேன். நீங்களே பாத்துச் சிரிச்சீங்க. அப்படிக் கிடைச்சதைப் போயி ஒரு கிரீடத்துக்காக விடுவேனா?"

இவாமி முயலை ஆட்டிக் காட்டினார். மேடம் முயலை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தோகுஜி, படகை எடு. இந்த முயல் எங்கேர்ந்து குதிச்சதுன்னு பாப்போம்."

"படகை எடுக்கவா, மேடம்? நானா?"

"நீச்சல் உடை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார் மேடம்.

அப்போது மணி ஒன்பது.

* * *

தூர்வாரிப் புதுத் தண்ணீர் விட்ட கால்வாய். கரையெல்லாம் கடுகுப் பூ மஞ்சள். வில்லோ மரங்கள் இளந்தளிரைத் தண்ணீர்வரைக்கும் தொங்கவிட்டிருந்தன. ரசிக்க எனக்கு நேரமில்லை. பாலம் வரும்போதெல்லாம் இருபதடி முன்பே குனிந்துகொண்டேன்.

முதலில் பயறுக்கூழ்க் கடை. வாசலிலேயே சாகெமோன் தொங்கியது. கடைக்காரி முயலைப் பார்த்துத் தலையாட்டினாள். "எங்களுது அம்பத்தொண்ணும் இருக்கே!"

அடுத்து மரச்செருப்புக் கடை. "நேத்துதான் எண்ணினோம். அம்பத்தொண்ணு."

அடுத்து தேயிலைக் கடை. அங்கே நான் வாயைத் திறப்பதற்குள், "அம்பத்தொண்ணு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எங்களைப் பற்றிய செய்தி எங்களுக்கு முன்னாலேயே கரையோரமாக நடந்து போய்விட்டது. இதற்குத்தான் சின்ன ஊர் என்று பேர்.

"ஊரே எண்ணி வெச்சிருக்கு மேடம். இது அனாதை முயல். நாமளே வளத்துக்கலாம்."

"எண்ணிக்கையை விடு. தைச்சது யாருன்னு கேப்போம்," என்றார் மேடம். "ஷிகே டீச்சர் வீட்டுக்கு விடு."

ஷிகே டீச்சரின் மாடியில் தையல் வகுப்பு. ஊரில் பாதிப் பேருக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். மீதிப் பாதியின் தையலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர். முயலை வாங்கிப் புரட்டினார், காதைப் பிரித்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"புசாகோ," என்றார்.

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க, டீச்சர்?"

"காதுக்குள்ள வெச்சிருக்கிற பட்டைப் பாரு. அவ கல்யாணக் கிமோனோவோட உள்பட்டு. 'அடி பாவி, முப்பது வருஷமா வெச்சிருந்ததை வெட்டாதேடி'ன்னு இதே இடத்துல உக்காந்து கத்தினேன். 'தம்பிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு பொறந்திருக்கா டீச்சர், இதுக்கு வெட்டாம வேற எதுக்கு வெட்டறது'ன்னு சொல்லிட்டுக் கத்திரிக்கோலைப் போட்டா." டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "தையல் சுமார்தான்."

"வேற வீட்டுக்கும் தைச்சுக் குடுத்திருப்பாங்களோ?"

"இல்லை. அவ தைச்சதே இது ஒண்ணுதான். கவாஷிச்சி சாகெமோனுக்குச் சொந்தக்காரப் பொம்பளைங்க இருபது பேர் ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தைச்சாங்க."

நான் சும்மா இருக்காமல், "அப்ப ஒண்ணு போனா இன்னொண்ணை மாட்டிக்க வேண்டியதுதானே," என்றேன்.

வகுப்பில் இருந்த மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் ஊசியை நிறுத்தினார்கள். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணம் ஆகாதவன்தானே நீ? தெரியுது. ஒவ்வொண்ணும் தைச்சவளோட வேண்டுதல்டா. தைச்சவளைத் தவிர இன்னொருத்தி அதைக் கழட்ட மாட்டா. கை வராது."

மேடம் எழுந்து டீச்சரைக் கும்பிட்டார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. காபி இல்லாமல் வந்த சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

படகுக்கு வந்ததும் கேட்டேன். "முயல் கவாஷிச்சி முயல்தான். ஆனா கவாஷிச்சியில எல்லாம் சரியா இருக்கு. கணக்கு இடிக்குதே மேடம்? மிட்சுயோவுக்கு எண்ணத் தெரியலையா?"

"எண்ணிக்கை சரியா இருக்கிறதுதான் இடிக்குது. திருடன் இடிச்சு ஒரு முயல் விழுந்திருந்தா அங்க எத்தனை இருக்கணும்?"

"அம்பது."

"இருக்கிறது?"

"அம்பத்..." கழி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "அப்ப அங்க ஒரு வெளியாள் தொங்குது!"

"வெளியூர்த் திருடன் எதையோ ஒண்ணை மாட்டிட்டுப் போயிருந்தா அம்பத்திரண்டு ஆயிருக்கும், அவனுக்கு என்ன வந்தது? எண்ணிக்கை கெடக்கூடாதுன்னு ஒண்ணைக் கழட்டிட்டு ஒண்ணை மாட்டினவங்க இந்த ஊர்க்காரங்க. அதுலயும் வேற எதையும் தொடாம இந்த முயலை மட்டும் கழட்டினவங்க..."

"புசாகோ!" என்று கத்தினேன். கரையில் நின்ற வாத்து ஒன்று கோபித்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. "அப்ப கிரீடம் அந்த வெளியாளுக்குள்ளதான் இருக்கு, வீட்டைவிட்டே வரலை! போய்ப் பிடிச்சு எடுத்துடலாம் மேடம்."

"எடுத்தா? 'கன்னாதான் அங்க ஒளிச்சு வெச்சா, பயந்துபோய்ச் சொல்லிட்டா'ன்னு இவாமி சொல்லுவார். நாம எடுக்கக்கூடாது." மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "அவங்க கையாலயே எடுக்கணும். கழியைப் போடு. பத்து அடிக்கப் போகுது."

* * *

பத்தேகாலுக்குக் கவாஷிச்சியின் பொம்மை அறையில் எல்லோரையும் கூட்டிவிட்டார் மேடம். அடுக்களையிலிருந்து விலாங்கு வேகும் வாசம் வந்தது. ஏழு படிகளில் சிவப்புத் துணி விரித்துப் பொம்மைகள். மேலே வளையத்திலிருந்து சரங்கள். கொக்கு, ஆமை, இறால், மூங்கில் முளை, கிளுகிளுப்பை எல்லாமே கைக்கடக்கமான துணிப்பொம்மைகள். அவற்றுக்கு நேர் கீழே மெத்தையில் சுசு மல்லாந்து படுத்து, எட்டாத கொக்கை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாதிக் கொண்டையோட அந்தப் பொண்ணை விட்டுட்டு வந்திருக்கேன்," என்றார் புசாகோ. "யோசுகே ரெடியாத்தான் இருக்கான். சட்டுனு முடிங்க."

"முடிச்சுடறேங்க." மேடம் கைப்பையைத் திறந்து முயலை எடுத்தார்.

புசாகோவின் கண் அந்த முயலில் பட்டு, சுவருக்குத் தாவியது. அவர் அதை இப்போதுதான் பார்க்கிறார். நேற்று கிமோனோக் கைக்குள் போட்டது எங்கே விழுந்தது என்று ராத்திரி முழுக்கத் தேடியிருப்பார்.

"இது இந்த வீட்டு முயல். ஷிகே டீச்சரே சொல்லிட்டாங்க. நூலைப் பாருங்க, அந்து போகலை, கத்திரிக்கோலால வெட்டியிருக்கு. எப்படியோ போகட்டும், குழந்தையோட பொருள், அது இருக்கற எடத்துல இருக்கணும்." மேடம் முக்காலியில் ஏறி, ஒரு சரத்தின் கடைசியில் முயலைக் கட்டினார்.

"ஐயோ, வேண்டாங்க!" என்று மிட்சுயோ பதறினாள். "அம்பத்திரண்டு ஆயிடும்!"

"ஆமா. ஆயிடுச்சு," என்றார் மேடம், இறங்கிக்கொண்டே. "என்ன செய்யறது? எதைக் கழட்டறதுன்னு எனக்குத் தெரியாது. தைச்சவங்களைத் தவிர வேற யாரும் கழட்டக்கூடாதாமே? சரி, நேரமாச்சு. வாங்க எல்லாரும் துறைக்குப் போகலாம். சாகெமோனை இறக்கற ஏப்ரல் மூணு வரைக்கும் இப்படியே தொங்கட்டும்."

யாரும் அசையவில்லை. கால்வாய்ப் பக்கத்து ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. சரங்கள் எல்லாம் ஆடின. சுசு கெக்கலித்தாள்.

"ஒரு வழி இருக்கு," என்று மேடம் திரும்பினார். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. "புசாகோம்மா, முயல் நீங்க தைச்சது. நீங்க வேணும்னா அதையே திரும்பக் கழட்டலாம்."

புசாகோ முன்னால் வந்தார். கையைத் தூக்கி முயலைப் பிடித்தார். அவருடைய கல்யாணப் பட்டு விரலுக்கிடையில் தெரிந்தது. கீழே குழந்தை அவரைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துக்கொண்டு, "அ... அ..." என்று கூப்பிட்டது. அத்தையை அதற்கு நன்றாகத் தெரியும்.

அவர் அந்த முயலைப் பிடித்தபடி நின்ற நேரம் எனக்கு ரொம்ப நீளமாகப் பட்டது. பிறகு விட்டுவிட்டார். கை சுவரோரச் சரத்துக்குப் போயிற்று. அங்கே சிவப்புப் பட்டில் சுருக்குப்போட்ட புதையல் பை ஒன்று தொங்கியது. புதையல் பை எல்லா சாகெமோனிலும் உண்டு, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காற்றில் எல்லாம் ஆடியபோது அது மட்டும் ஆடாமல் கனமாக நின்றதை நானும் அப்போதுதான் கவனித்தேன். புசாகோ அதை அவிழ்த்து இறக்கினார். உள்ளே ஜல் என்றது.

"இப்ப அம்பத்தொண்ணு," என்றார். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

இவாமி பையைப் பிரித்தார். தங்க முலாம் பூசிய கிரீடம், மணிகள் ஒன்றும் உதிராமல் இருந்தது. முதல் தடவையாக அந்த மனிதருக்குக் குரல் வரவில்லை.

"பத்தேமுக்காலுக்கு நானே வந்து கண்டுபிடிக்கற மாதிரி எடுக்கறதா இருந்தேன்," என்றார் புசாகோ, யாரையும் பார்க்காமல். "அதுக்குள்ள படகு கை மாறியிருக்கும். நேத்து பையை மாட்டறப்ப, ஒரு ராத்திரிக்கு ஒண்ணு கூட இருந்தா யாருக்குத் தெரியப்போகுதுன்னுதான் நெனச்சேன். ஆனா கீழ இவ தூங்கிட்டிருந்தா. மத்தவங்க வேண்டிக்கிட்டதுல கை வைக்க எனக்கு என்ன உரிமை? அதான் என்னோடதை எடுத்தேன். இன்னொரு தடவை எடுக்க முடியலை."

"எதுக்கும்மா?" யோசுகே அம்மாவின் முன்னால் வந்து நின்றான். "முதல் படகு வேணும்னு நான் எப்பம்மா கேட்டேன்? கன்னா என்னைவிட நல்லாக் கழி போடுவான்னு நான்தானே தலைவர்கிட்டப் போய்ச் சொன்னேன்!"

புசாகோ மகனை நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரியாது. திருட்டைவிட அந்தச் செய்திதான் அவரை அதிகமாக அடித்துப்போட்டது என்று எனக்குத் தோன்றியது.

இவாமி கன்னாவின் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா."

 கன்னா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கோபம் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கிரீடத்தை எடுத்துப் புசாகோவின் மடியில் வைத்தாள்.

"இதைக் கட்டத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். மணி பத்தரை. அந்தப் பொண்ணு பாதிக் கொண்டையோட அழுதுட்டிருப்பா. படகுல உக்காந்தே கட்டுங்க."

"எந்தப் படகுல?" என்று புசாகோ கேட்டார்.

"என் படகுலதான். நேத்தும் அதுலதானே வந்தீங்க."

* * *

பதினோரு மணிக்கு மத்தளம் கொட்டியது. மேடமும் நானும் தாழ்ந்த பாலத்துக்குப் பக்கத்தில் கரையோரம் நின்றோம். மேடத்தின் கையில் ஒருவழியாகக் காபி.

"பை ஆடலைங்கறதை எப்ப கவனிச்சீங்க மேடம்?"

"நீ வாத்தை விரட்டினியே, அப்பவே வெளியாள் ஒண்ணு தொங்குதுன்னு தெரியும். எதுன்னு தெரிஞ்சது உன்னோட சேந்துதான்."

"தெரியாமலேயா எல்லாரையும் கூட்டினீங்க?"

"அவங்களுக்குத் தெரியுமே," என்று மேடம் காபியை உறிஞ்சினார்.

முதல் படகு வந்தது. பின்னால் நின்று கன்னா கழி போட்டாள், தண்ணீர் சலசலக்காமல். நடுவில் கிரீடம் மின்ன மகாராணி. அவளுக்குப் பின்னால், ஊர் முழுக்கப் பார்க்க, புசாகோ. அதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கரையில் கைதட்டியவர்கள் அவரைப் பார்த்ததும் கையைத் தாழ்த்திக் கிசுகிசுத்தார்கள்.

"பாலம்! தலை குனிங்க!" என்று கன்னா குரல் கொடுத்தாள்.

படகில் எல்லோரும் குனிந்தார்கள். கன்னா முழங்காலை மடக்கி அப்படியே பாலத்துக்கு அடியில் வழுக்கிப் போனாள். கரையில் நின்ற நானும் பழக்கதோஷத்தில் குனிந்தேன். மேடம் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

படகு மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. மகாராணி நிமிர்ந்தாள், தோழிகள் நிமிர்ந்தார்கள். புசாகோ மட்டும் குனிந்தே இருந்தார். பத்தடி போயிற்று, இருபதடி போயிற்று. அவர் தலையைத் தூக்கவில்லை.

கன்னா கழியை ஒரு தடவை ஊன்றி இழுத்தாள். அவள் சத்தமாகச் சொல்லவில்லை. தண்ணீர்மேல் வந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"பாலம் தாண்டியாச்சு, அத்தை. நிமிருங்க."